நாற்பது பக்க நோட்டு



இது ஒரு வைஃபை கதை. போராட்டக் களத்தை எழுத வேண்டிய இடத்தில் ரவுட்டரையும் வயரையும் பற்றி எழுதுகிறார்களே என்று நினைக்க வேண்டாம். போன ஆண்டு பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் எங்கள் வீட்டில் நடந்த இந்தச் சின்ன விஷயம், பல கூட்டங்களில் நாங்கள் பேசிவந்த ஒன்றை எங்களுக்கே திருப்பிச் சொல்லிக் கொடுத்தது. அதனால் எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக்கட்டியதைப் பாதி விலைக்கு வாங்கி வந்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது எங்களுடையது இல்லை, தெருப் பிள்ளைகளுடையது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, உதவித்தொகைப் படிவம் நிரப்ப, பழைய கேள்வித்தாள் பார்க்க என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில், கம்ப்யூட்டர் உள்ள குடும்பங்கள் நகர்ப்புறத்தில் 23.4 சதவீதம், கிராமப்புறத்தில் 4.4 சதவீதம். கிராமத்தில் நூறு வீட்டுக்கு ஐந்துகூட இல்லை. எங்கள் தெருவின் கணக்கும் ஏறக்குறைய அதுதான்.

நான்கு வீடு தள்ளி ஒரு தங்கை இருக்கிறாள். அப்பா கொத்து வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் அவள்தான். கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசைப்படுத்தி இணையத்தில் பட்டியல் போட வேண்டும். கெடு முடிய இன்னும் மூன்று நாள். ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பதினெட்டு சேர்த்துவிட்டு சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். நெட் போய்விட்டது. மறுபடி உள்ளே போனால் அந்தப் பதினெட்டும் இல்லை. திரும்பச் சேர்த்தாள், திரும்பவும் போனது.

எங்களைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி இதுதான்: "அக்கா, நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?"

பிரவுசிங் சென்டருக்குப் போகலாம்தான். பஸ் பிடித்து டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, கடைக்காரர் தட்டச்சு செய்ய, பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்த, நான்கு வருடப் படிப்பைப் பத்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் போடும் வாய்ப்பு வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிறது. அது இவளுக்கும் வேண்டும் என்றுதான் அந்தக் கம்ப்யூட்டரையே வாங்கினோம்.

மறுநாள் காலை இணைப்பு கொடுத்தவர்களிடமிருந்து ஒரு தம்பி வந்தார். ரவுட்டரை அணைத்துப் போட்டார். தன் போனில் வேகம் பார்த்தார். "நெட் நல்லாத்தான் இருக்குண்ணா. ஒரே வைஃபையில தெருவே தொத்திக்கிட்டு இருந்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எங்களுக்கு வந்த கோபம் அந்த ஒரு வார்த்தைக்கானது மட்டுமல்ல. சாலைக்கு அந்தப் பக்கம் ஊர்த் தெருவுக்கு ஃபைபர் இழுத்து எட்டு மாதம் கழித்துத்தான் காலனிக்குள் இழுத்தார்கள். கேட்டபோதெல்லாம் "கம்பம் இல்லை", "ஆள் இல்லை" என்ற பதில்தான். அதே கையோடு இப்போது மோசமான இணைப்பையும் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினோம். உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்துக்குப் புகார் எழுதினோம். நல்ல சூடான புகார். நேரடியாகக் குற்றம் சாட்டும் புகார்.

அனுப்புவதற்கு முன் வழக்கம்போல ஒருமுறை வாசித்துப் பார்த்தோம். வன்கொடுமைப் புகார்கள் எழுத உதவும்போது பாதிக்கப்பட்டவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது நாள், நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்பதைத்தான். எங்கள் புகாரில் அது எதுவுமே இல்லை. "அடிக்கடி துண்டிக்கப்படுகிறது" என்று இருந்தது. அடிக்கடி என்றால் எத்தனை முறை? எப்போது? கம்ப்யூட்டரில் மட்டுமா, போனிலுமா? எங்களுக்கே தெரியவில்லை. அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை எங்கள் வீட்டில் மறந்திருந்தோம்.

பெட்டிக்கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே ஆணியில் கட்டித் தொங்கவிட்டோம். மூன்று கட்டம் போட்டோம்: மணி என்ன? போனிலும் போனதா? அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? யார் உட்கார்ந்தாலும் நெட் போனால் எழுத வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னோம்.

கூடவே இன்னொரு வேலையும் செய்தோம். இதை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், காசு செலவில்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னல் உண்டு. அதில் 'பிங்' என்ற கட்டளையைக் கொடுத்தால், நாம் சொல்லும் முகவரிக்கு ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்று காட்டும். நிற்காமல் ஓடவிடவும் முடியும். அப்படி இரண்டு ஜன்னல் திறந்தோம். ஒன்று எங்கள் ரவுட்டருக்கு. அதன் எண் 192.168.1.1 (சில வீடுகளில் 192.168.0.1 என்று இருக்கும்). இன்னொன்று வெளியே கூகுளின் 8.8.8.8க்கு.

எதற்கு இரண்டு? நம் கம்ப்யூட்டரிலிருந்து கலந்தாய்வுத் தளம் வரைக்கும் பல கைகள் மாறித்தான் செய்தி போகிறது. கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரைக்கும் காற்றில் போவதுதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து வெளியே போவது கண்ணாடி இழை. நாம் இரண்டையும் சேர்த்து "நெட்" என்று சொல்லிவிடுகிறோம். ரவுட்டருக்குப் போகும் பிங் அறுந்தால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் சரியாகப் பதில் சொல்லி, வெளியே போவது மட்டும் அறுந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியே. இந்த ஒரு பிரிவினை தெரிந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

மறுநாள் இரவுக்குள் நோட்டில் பதினான்கு வரி சேர்ந்திருந்தது. அதில் பதினொரு முறை, அதே அறையில் இருந்த போனில் நெட் இருந்தது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. அந்தப் பதினொரு முறையும் ரவுட்டருக்குப் போன பிங்கே அறுந்திருந்தது. அதாவது நாங்கள் எழுதிய ஒன்றரைப் பக்கப் புகாரில் பெரும்பகுதி பொய். கோளாறு எங்கள் கூடத்துக்குள்தான் இருந்தது.

என்ன கோளாறு என்பதையும் நோட்டே சொன்னது. மூன்றாவது கட்டத்தில் பலர் "படிவம்", "யூடியூப்" என்று எழுதியிருந்தார்கள். ஏழாவது படிக்கும் ஒரு வாண்டு மட்டும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக ஒரே வரியை எழுதியிருந்தான்: "அக்கா போட்டோ ஏத்தி வுட்டுட்டுப் போனாங்க."

விஷயம் இதுதான். களப்பணியில் எடுக்கும் புகைப்படங்களையும் வீடியோக்களையும் தினமும் சாயங்காலம் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைப்போம். அவை சாட்சியங்கள், தொலைந்துபோகக் கூடாது. நகலெடுக்கப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுச் சமையலறைக்கோ கூட்டத்துக்கோ போய்விடுவோம். எங்களுடையது பழைய கம்ப்யூட்டர் என்பதால் அதற்குள் வைஃபை கிடையாது. கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி டாங்கிளைப் பின்பக்கம் செருகியிருந்தோம். அதற்கு ஒட்டினாற்போலப் பக்கத்து துளையில்தான் ஹார்ட் டிஸ்க்.

சோதித்துப் பார்த்தோம். ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தால் ரவுட்டரிலிருந்து பதில் இரண்டு மூன்று மில்லி செகண்டில் வந்தது. செருகி நகலெடுக்க ஆரம்பித்ததும் நூறு, முந்நூறு என்று ஏறி, பிறகு பதிலே இல்லை. பிடுங்கினால் திரும்ப வந்தது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே.

இது எங்கள் வீட்டு மாயம் இல்லை. உள்ளே நீல நிறமாக இருக்கும் யுஎஸ்பி 3.0 துளைகளில் தகவல் மிக வேகமாக ஓடும்போது, அந்த வயரும் செருகியும் ஒரு ரேடியோ இரைச்சலை வெளியே கசியவிடுகின்றன. அந்த இரைச்சல் வைஃபை பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் தகர டின்னைத் தட்டிக்கொண்டிருந்தால் தூரத்தில் பேசுபவர் குரல் நமக்குக் கேட்குமா? எங்கள் டாங்கிளின் நிலைமை அதுதான். போதாததற்கு, ரவுட்டருக்கும் அதற்கும் நடுவில் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டி வேறு மறைத்துக்கொண்டிருந்தது.

ஆக, அந்தத் தங்கையின் பதினெட்டுக் கல்லூரிகளை அழித்தது நாங்கள். அவளும் அழிக்கவில்லை, அந்தத் தம்பி சொன்னதுபோலத் தெருப் பிள்ளைகள் கூட்டமும் அழிக்கவில்லை. நாங்கள் வசைபாடிய இணைப்பும்கூட இந்த விஷயத்தில் நிரபராதி.

தீர்வு ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். டாங்கிளை அதில் மாட்டி, மேசைக்கு மேலே ரவுட்டர் பக்கம் பார்க்க வைத்து, மறுமுனையை யுஎஸ்பி 2.0 துளையில் செருகினோம். ஹார்ட் டிஸ்க் பெட்டியின் மறுபக்கத்துக்குப் போனது. கெடு முடியும் நாள் காலையில் அவள் உட்கார்ந்தாள். ஐந்தைந்தாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சேமித்து, மொத்தப் பட்டியலையும் போட்டு முடித்து, ஒரு பிரதியையும் இறக்கி வைத்துக்கொண்டாள். அந்தக் காலையில் ரவுட்டர் ஜன்னலில் ஒரு வரிகூட அறுபடவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்று நாள் பதற்றத்தில் எங்களுக்குத் தோன்றாதது, ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு லேன் கேபிள் இழுப்பது. கெடு நெருங்கும்போது வயர்லெஸ்ஸோடு மல்லுக்கட்டாதீர்கள். கேபிள் கிடைத்தால் கேபிள், இல்லையென்றால் போனை யுஎஸ்பி வயரால் இணைத்து அதன் நெட். வேலையை முடித்துவிட்டு, கோளாறை நிதானமாகத் தேடலாம்.

அடுத்த வாரம் நிதானமாகத் தேடியபோது இன்னும் இரண்டு விஷயம் கிடைத்தது.

ஒன்று, ரவுட்டர் இருந்த இடம். வயர் உள்ளே வந்த இடத்திலேயே, ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். இரும்பு அலையைத் தடுக்கும். தண்ணீர் விழுங்கும். பீரோவுக்குப் பின்னாலும் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்திலும் ரவுட்டர் வைக்கக் கூடாது. நடு வீட்டில், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். போனில் சிக்னல் அளக்கும் செயலி போட்டுப் பார்த்தோம். முன்பு கூடத்தில் மைனஸ் 78 காட்டியது, இடம் மாற்றியதும் மைனஸ் 58. இந்தக் கணக்கில் பத்து ஏறினால் பத்து மடங்கு பலம், இருபது ஏறினால் நூறு மடங்கு. ஓர் ஆணியை மாற்றி அடித்ததற்குக் கிடைத்த லாபம் அது.

இன்னொன்று, சேனல். எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். ஒரு வீட்டு வைஃபை இன்னொரு வீட்டில் கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல் இருந்தாலும், ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்துப் பக்கத்தில் இயங்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஆனால் ஒரு வைஃபை அடைத்துக்கொள்ளும் அகலமோ சுமார் 20. பார்த்தால் எங்களைச் சுற்றி எல்லா ரவுட்டரும் 6இல் உட்கார்ந்திருந்தன. எங்களுடையதை 11க்கு மாற்றினோம். இந்த அலைவரிசை யாருக்கும் தனிச் சொத்து இல்லை, உரிமம் இல்லாமல் எல்லோரும் பயன்படுத்தலாம். பொதுவான இடத்தில் எல்லோரும் ஒரே மூலையில் நெருக்கிக்கொண்டால் யாருக்கும் மூச்சு விட முடியாது. பக்கத்து வீடுகளிலும் சொல்லி, 1, 6, 11 என்று பிரித்துக்கொண்டோம்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்யவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு ஒரு நாள் நோட்டு. நான்கைந்தை ஒரே மூச்சில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை கெட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மிச்சம் மூன்று வரி இருந்ததல்லவா? பதினான்கில் மூன்று முறை போனிலும் நெட் போயிருந்தது. அந்த மூன்று முறையும் ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொன்னது, 8.8.8.8தான் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அப்படி நான்கு முறை நடந்தது. அந்த நேரங்களில் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னியது. இழை வழியாக வர வேண்டிய ஒளி வரவில்லை என்பதற்கான அடையாளம் அது. இது எங்கள் கூடத்துக் கோளாறு இல்லை. அவர்களுடையது.

இப்போது புகார் எழுதினோம். அரைப் பக்கம்தான். ஏழு தேதி, ஏழு நேரம், சிவப்பு விளக்கின் படம், இரண்டு ஜன்னலின் படம். குற்றச்சாட்டு ஒரே வரி: வீட்டுக்குள் இணைப்பு சரியாக இருக்கிறது, ரவுட்டருக்கு வெளியே அறுகிறது, சரிசெய்து தரவும்.

அதே தம்பிதான் வந்தார். இம்முறை ரவுட்டரைத் தொடவில்லை. நேராகத் தெருமுனைக் கம்பத்துக்குப் போனார். அங்கே இணைப்புப் பெட்டியின் மூடி திறந்து கிடந்தது, உள்ளே ஓர் இழை நன்றாக மடிந்திருந்தது. காற்றடித்தால் போகும், நின்றால் வரும். மாற்றிக் கட்டினார். எங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பெட்டியிலிருந்து பிரிந்த அத்தனை வீட்டுக்கும் சரியானது. மற்ற வீடுகளிலும் அதே நேரங்களில்தான் போயிருக்கிறது. "நமக்குப் போனில் காசு தீர்ந்திருக்கும்", "நம்ம செட்டு பழசு" என்று அவரவர் தங்களையே காரணம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

டீ குடிக்கும்போது அந்தத் தம்பி சொன்னார்: "இப்படி நேரம் போட்டு எழுதிக் கொடுத்தீங்கன்னா எங்க ஆபீஸ்ல நானும் கேக்க முடியும்ணா. சும்மா நெட் வரலைன்னா, போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு வான்னுதான் அனுப்புவாங்க." முதல் நாள் அவர் சொன்ன வார்த்தை தவறு. ஆனால் அவரும் இன்னொருவரிடம் கைகட்டிப் பதில் சொல்லும் தொழிலாளிதான் என்பதையும் நாங்கள் அன்றுதான் கவனித்தோம்.

விடுதியில் கைபேசிக் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த உரிமை ஒரு பிள்ளையின் கைக்கு வந்து சேர, கம்பம் முதல் டாங்கிள் வரை ஒவ்வொரு கண்ணியும் அறுபடாமல் இருக்க வேண்டும். அறுந்தால் எந்தக் கண்ணி என்று காட்டத் தெரிய வேண்டும். காட்டத் தெரியாத இடத்தில் பழி எப்போதும் கீழே இருப்பவர் மேல்தான் விழுகிறது. "உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்பார்கள். கொஞ்ச நாளில் நாமே அதைச் சொல்லிக்கொள்வோம். "நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா" என்று கேட்பதற்கு அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அது தானாக வந்தது.

அதே நேரத்தில், எல்லாப் பழியையும் எடுத்த எடுப்பில் எதிரே இருப்பவர் மேல் போடுவதும் நம்மைக் காப்பாற்றாது. எங்கள் முதல் புகாரை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆள் வந்து பார்ப்பார், கோளாறு எங்கள் ஹார்ட் டிஸ்கில் என்று நிரூபிப்பார். பிறகு கம்பத்து இழை மடிந்திருப்பதைச் சொன்னாலும், எட்டு மாதம் காக்க வைத்ததைச் சொன்னாலும் யார் காதில் ஏறும்? எட்டு மாதக் கணக்கை நாங்கள் மறக்கவில்லை. அதற்கும் தேதிகளைச் சேர்த்துத் தனி மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தங்கை இப்போது கல்லூரியில் முதலாண்டு. போன மாதம் விடுதியிலிருந்து போன் செய்தாள். அங்கேயும் இரவில் நெட் அறுகிறதாம், வார்டன் "பொண்ணுங்க எல்லாம் சினிமா பாக்கிறதாலதான்" என்கிறாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டோம்.

"ஒண்ணும் சொல்லலைக்கா. ஒரு நோட்டு வாங்கிக் கதவுல மாட்டியிருக்கேன்."